கடைசிக் காம்பராவுக்குப் போகும் கோழிகள்

கல்லுமலைத் தோட்டம், மேல் பிரிவு,
மஸ்கெலியா.
2.2.1962

மதினிக்குப் பூரணி வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்கள் ஒங்க தம்பியிடம் கொடுத்தனுப்பிய மூன்று கோழியும் சேவலும் செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிட்டன. அன்றிலிருந்து ஒன்றும் ஒரு குருணை கூடக் கொத்தவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கின்றன. கறுப்புக் கோழி கண்ணை மூடி மூடித் திறக்கிறது. சீக்கோ என்று தொட்டுப் பார்க்கப் போனேன், புறங்கையில் கொத்தி ரத்தம் வரவைத்துவிட்டது.

எனக்கு இது ஏழாம் மாதம். டிஸ்பென்சரி ஐயா கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒடம்பில் ரத்தமே இல்லை, வேலைக்குப் போகாதே, தினம் ஒரு முட்டை தின்னு, இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்றார். "இந்தப் பிள்ளையாவது" என்று அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ஒங்க தம்பி ஒங்களிடம் ஓடி வந்தது. முட்டைக்காக வந்த கோழிகள் வந்த வீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? செவ்வாய்க்கிழமை உயிருள்ளதைக் கொண்டுவந்திருக்கக் கூடாதோ?

ஒங்க தம்பி காலையில் தேயிலை ஸ்டோருக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருகிறார். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து எல்லாரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறார்கள். பகல் முழுக்க நானும் கோழிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கு யாரைப் பார்த்துப் பயம் என்று தெரியவில்லை.

நீங்களும் கூட வருவீர்கள் என்று உலையில் ஒரு கை அரிசி கூடப் போட்டிருந்தேன்.

பூரணி

*

சின்னக்காட்டுத் தோட்டம்,
தலவாக்கலை.
8.2.1962

அடியே பூரணி,

வீரம்மா எழுதுறேன். ரெண்டாங் கிளாசோட நின்ன எழுத்து, கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும். ஒனக்கு இப்ப கோழிப் பாஷை படிக்க வேண்டியிருக்குல்ல, இதுலருந்து ஆரம்பி.

ஒன் காயிதத்தப் பாத்துட்டு எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒங்க அண்ணன் மாயாண்டி, "யாருக்கு என்னாச்சு"ன்னு படுத்த எடத்துலருந்து எந்திரிச்சு உக்காந்துட்டாரு. நாலு உசுரையும் காலக் கட்டி, கூடையில போட்டு, சாக்க மூடி, தலவாக்கலையில பஸ் ஏத்தி, அட்டன்ல எறக்கி, இன்னொரு பஸ்ஸுல மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோயி, அங்கருந்து மலையும் ஏத்திருக்கான் ஒம் புருசன். நீ கல்யாணமாகி இதே மாதிரி போயி எறங்குனப்ப எத்தன நாள் சோறு தின்ன? நாந்தான ஊட்டிவிட்டேன். ஒனக்கு ஒரு நாயம், கோழிக்கு ஒரு நாயமா?

மொதல்ல அதுகள மொறைச்சுப் பாக்குறத நிறுத்து. நரியும் பருந்தும்தான் அப்பிடிப் பாக்கும். செரட்டையில தண்ணி வையி, ரொட்டிய உதுத்துக் குருணையோட போடு, போட்டுட்டு முதுகக் காட்டி உக்காந்து அரிசி பொடை. கறுப்பிதான் மூத்தவ. அவ தின்னாத்தான் மத்ததுக திங்கும். அவ கண்ண மூடித் தொறக்குறது சீக்கு இல்ல, ஒன்ன எடை போடுறா. செவலை பயந்தாங்கொள்ளி, ஒன்ன மாதிரி. புள்ளிக்காரி கள்ளி, என்ன மாதிரி. சேவலுக்கு, மலையில எங்கள வேல வாங்குற ஐயா நெனப்புல, கண்டாக்குன்னு பேரு வச்சுருக்கோம். விடியுமுன்ன வேலைக்குப் பேரு பதியுற பெரட்டுக்குக் கூப்புடுவான், அதுக்கு மேல ஒரு வேலயும் செய்யமாட்டான்.

தின்ன ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா எடுத்து அம்மியச் சுத்தி மூணு சுத்து சுத்தி, கால அடுப்புச் சாம்பல்ல ஒரு தடவ வச்சு எடு. புதுசா வந்த கோழி வீட்ட மறக்காம இருக்க எங்க ஆத்தா அப்பிடித்தான் செய்யும். பொறகு பொழுது சாயக் கொஞ்சம் முன்னாடி தொறந்து விடு. தூரம் போக நேரம் இருக்காது, இருட்டுனா தானா உள்ள வரும்.

செவ்வாக்கெழம ஒண்ணும் செய்யாது. நானும் செவ்வாக்கெழம பொறந்தவதான்.

எனக்கு வரணும்னுதான். ஒங்க அண்ணன் தேயிலச் செடி கவ்வாத்து வெட்டப் போயி கணுக்கால்ல கத்தி பட்டுக் கெடக்காரு. லீவு கேட்டா கணக்கப்பிள்ளை கடிக்க வர்றாரு. ஒடம்பப் பாத்துக்க.

வீரம்மா

*

கல்லுமலைத் தோட்டம்
19.2.1962

மதினி,

நீங்கள் சொன்னபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் கறுப்பி தின்றது, பிறகு மற்றவை. அம்மி சுற்றினேன், சாம்பலில் கால் வைத்தேன். வெயில் சாய்ந்ததும் திறந்து விட்டேன்.

இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிண்டின. இருட்டத் தொடங்கியதும் கறுப்பி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கியது. மற்றவை பின்னால் போயின. எங்கள் வாசலைத் தாண்டி, அடுத்த வாசலைத் தாண்டி, ஒவ்வொரு கதவாகத் தாண்டி நேராகக் கடைசிக் காம்பராவுக்குள் போய்விட்டன. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பத்துக் காம்பரா, எங்களுடையது நான்காவது. கடைசிக் காம்பராவில் இருப்பது யார் என்று ஒங்களுக்குத் தெரியும். போன பிள்ளையை எடுத்த மருத்துவச்சி காளியாயி.

மூன்று வருசமாக நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. என் கோழி அவள் வீட்டில் போய் அடைகிறது. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. ஒங்க தம்பி ஸ்டோரிலிருந்து வந்து முகம் கூடக் கழுவாமல் போய்ப் பிடித்து வருகிறார். அவள் கவிழ்த்த கூடையைத் தூக்கிக் காட்டுகிறாளாம். விடிந்து திறந்து விட்டால் மறுபடியும் அங்கேதான்.

முந்தாநாள் புள்ளி முதல் முட்டையை அவள் விறகு மூலையில் இட்டிருக்கிறது. அவள் அதை ஒரு வட்டத்தாமரை இலையில் வைத்து எங்கள் இஸ்தோப்புப் படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. விளக்குமாற்றால் தள்ளிச் சாக்கடைக் கானில் விட்டேன்.

அவள் எதையாவது தூவி இழுக்கிறாள் மதினி. இல்லாவிட்டால் பத்துக் கதவில் அந்தக் கதவுதானா கண்ணுக்குத் தெரியும்? பிள்ளை போன மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் எல்லார் முன்னாலும் நீங்கள்தானே சொன்னீர்கள், "காளியாயி கை வச்சா தளிர்த்ததும் கருகிப் போகும், அவளத் தேயில நாத்து நட விட்டுறாதீங்கடி" என்று. நான் உள்ளே படுத்திருந்து கேட்டேன். அந்தக் கை பட்ட முட்டையை என் வயிற்றுக்குள் எப்படி விடுவேன்?

பூரணி

*

சின்னக்காட்டுத் தோட்டம்
25.2.1962

பூரணி,

ஒரு கேள்வி கேக்குறேன். ஒங்க கடைசிக் காம்பரா பீலிப் பக்கந்தான? தண்ணி விழுற சத்தம் உள்ள வரைக்கும் கேக்குமே, அதுதான?

என் காம்பரா எதுன்னு யோசிச்சுப் பாரு. எங்க லயத்துலயும் பத்து. பீலிப் பக்கம் கடைசி. தோட்டத்துக்காரன் எல்லா லயத்தையும் ஒரே அச்சுல ஊத்தி வச்சுருக்கான். ஒரே தகரம், ஒரே தாரு பூசுன கதவு. கோழிக்கு வீரம்மா வீடு, பூரணி வீடுன்னு எழுதி வச்சாத் தெரியுமா? அதுக பொறந்ததுலருந்து கடைசிக் கதவுக்குள்ள, தண்ணிச் சத்தத்துல தூங்குனதுக. அதத்தான் தேடிப் போகுதுக. ஒங்க அண்ணனே ஒரு நாள் தவறணையிலருந்து குடிச்சுட்டு வந்து மூணாவது காம்பராவுல உக்காந்து, "ஏண்டி சோறு போடலையா"ன்னு கேட்டாரு. அங்க இருந்த பேச்சியம்மா கரண்டியோட வந்துச்சு. மனுசனுக்கே இந்தக் கதி.

அதனால யாரும் ஒண்ணும் தூவல. காலையில தீனிய ஒன் வாசல்ல மட்டும் போடு. முட்டை மாதிரி ஒரு வெள்ளக் கல்லு பாத்து எடுத்து, ஒன் வீட்டு மூலையில சாக்குப் போட்டு அதுல வையி. எங்க ஒரு முட்டை கெடக்கோ அங்கதான் கோழி முட்டை இடும். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. புத்தியில அதுக ஒங்க அண்ணனுக்கு அக்கா தங்கச்சி.

முட்டைய வீணாக்காத. கழுவி அவிச்சுத் தின்னு.

மத்தத மனசுல போட்டு ஒழப்பாத.

வீரம்மா

*

கல்லுமலைத் தோட்டம்
7.3.1962

மதினி,

கோழி ஏன் போகிறது என்று சொன்னீர்கள். புரிந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. "மத்தது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

வெள்ளைக் கல் வைத்தேன். கறுப்பி ஒரு நாள் வந்து அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். இதுவரை ஏழு முட்டைகள் அந்தப் படியில் வந்தன, ஏழையும் கானில் விட்டேன். ஒங்க தம்பி நான் தின்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது செவலை அங்கேயே படுத்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு முட்டையும் இல்லை. வெறும் தரையில், விறகுத் தூளில், சிறகை விரித்துக்கொண்டு அடை கிடக்கிறதாம். தீனி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஒங்க தம்பி தூக்கிக்கொண்டு வந்தால் உடம்பு காய்ச்சல் மாதிரி கொதிக்கிறது. நெஞ்சில் இறகைப் பிய்த்துப் போட்டிருக்கிறது. இறக்கி விட்டால் ஓடிப் போய் அதே வெறும் இடத்தில் படுக்கிறது.

மதினி, நான் ரெண்டு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். ஒன்று ஐந்தாம் மாதத்தில், ஒன்று முகம் பார்த்து. இல்லாத முட்டைமேல் ஒரு கோழி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதற்கும் ஒரு பகடி வைத்திருக்கிறீர்களே, இதற்கு ஒன்று சொல்லுங்கள். அது எனக்கு என்ன சொல்லுகிறது?

என் காலிரண்டும் வீங்கிவிட்டன. டிஸ்பென்சரி ஐயா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். ஏழு மைல். தேயிலை ஏற்றும் லொறி போகிற நாளில்தான் போகலாம், வலி லொறிக்குக் காத்திருக்குமா? கீழ்ப் பிரிவில் ஒருத்திக்குப் போன மாதம் லொறியிலேயே ஆகிவிட்டது. நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நேரம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே பெறுவேன். அவளைக் கூப்பிடமாட்டேன்.

நீங்கள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை என்பது எனக்கும் தெரியும்.

பூரணி

*

சின்னக்காட்டுத் தோட்டம்
12.3.1962

பூரணி,

தனியாப் பெத்துக்கிறேன்னு எழுதிருக்க. அத வாசிச்சதுலருந்து எனக்குக் கொழுந்துக்கும் கட்டைக்கும் வித்தியாசம் தெரியல. தோட்டத்துக் கண்டாக்கு என் கூடையக் கொட்டிக் காட்டித் திட்டுனாரு. திட்டட்டும்.

மொதல்ல செவலை. அது ஒனக்கு ஒண்ணும் சொல்லல. சத்தியமாச் சொல்றேன். முட்டை இட்டு ஓஞ்சதும் கோழிக்கு ஒடம்புல ஒரு சூடு ஏறும். அந்தச் சூட்டுல கீழ முட்டை இருக்கா கல்லு இருக்கான்னு பாக்காது, படுத்துரும். அது அழுவுறது இல்ல பூரணி. காத்துக்கிட்டு இருக்கு, அம்புட்டுத்தான். நல்ல முட்டையா எட்டு, பத்து அதுக்குக் கீழ வச்சியன்னா இருவத்தோரு நாள்ல பொரிச்சுக் குடுத்துரும். படுத்த எடத்த மட்டும் மாத்தாத. மாத்துனா விட்டுட்டுப் போயிரும்.

இப்ப மத்தது. சிரிக்காம எழுதணும்னா எனக்குக் கை ஓடல.

ஒன் பேறுகாலத்துக்கு வந்திருந்தனே, அன்னைக்கு ஒங்க காம்பராவுக்குள்ள வெளக்குப் புடிச்சது நாந்தான். ஒனக்கு நெனவு தப்பிருச்சு. புள்ள வரும்போதே நீலமா வந்துச்சு. கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்திருந்துச்சு. காளியாயி கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கொடிய எடுத்துருச்சு. பொறகு புள்ளய மடியில போட்டு அது வாயில தன் வாய வச்சு ஊதுச்சு. ஒல கொதிக்கிற நேரம் ஊதுச்சு. நான் போதும்னு சொன்னேன், அது நிறுத்தல. காளியாயி ஒதடு வெளுத்துப் போச்சு. நான் பாத்தேன் பூரணி. அதோட கையில ஒரு குத்தமும் இல்ல. அந்தப் புள்ள வயித்துக்குள்ளயே போயிருச்சு.

மூணாம் நாள் பீலியடிக்கு நான் குடத்தோட போனேன். அங்க பொம்பளைக ஒன்னப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாளுக. ரெண்டு தங்கல, அந்த வயித்துல ஏதோ இருக்கு, ஆண்டிக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு. என் தம்பி பேரச் சொல்லி. எனக்குப் பொறுக்கல. அவளுக வாய ஒம்மேலருந்து திருப்பணும்னு தோணுச்சு. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாளுக. சிரிச்சதும் ஒன்ன மறந்துட்டாளுக. காளியாயி அப்ப பீலிக்கு அந்தப் பக்கம் துணி அலசிக்கிட்டு இருந்துச்சு. நான் பாக்கல. திரும்பும்போதுதான் பாத்தேன்.

உள்ள வந்தா நீ எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேட்ட. மூணு நாளா வெறகுச் சொமை தூக்குனதாலதான் புள்ள போச்சுன்னு ஒன்னயே நீ அடிச்சுக்கிட்டு இருந்த. அன்னைக்கு அடிக்கல. காளியாயியத் திட்டுன. சரி, தேறிட்டா, பொறகு சொல்லிக்கலாம்னு விட்டேன். பொறகு பொறகுன்னு மூணு வருசம் ஆச்சு.

ஒங்க அண்ணன் காலு போன மாசமே ஆறிருச்சு. நான் வராதது அதனால இல்ல. ஒங்க லயத்துக்குள்ள வந்தா காளியாயி வாசலத் தாண்டித்தான் வரணும்.

இத வாசிச்சுட்டுக் கிழிச்சுப் போடு, இல்ல வச்சுக்க. ஆனா அதக் கூப்புடு. கால்ல விழுந்தாச்சும் கூப்புடு.

வீரம்மா

*

கல்லுமலைத் தோட்டம்
22.3.1962

மதினி,

மூன்று தடவை படித்தேன். ஒங்க தம்பியிடம் காட்டவில்லை. ஒங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாததால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். ஐந்து கதவு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அவள் குந்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செவலை மூலையில் கிடந்தது.

"கோழிய எடுக்கவா?" என்றாள்.

"இல்ல. எம் மதினி காயிதம் போட்டுருக்காங்க."

"மூணு வருசங் கழிச்சா? தப்பால் அம்புட்டு மெதுவாவா வருது?"

நீட்டினேன். எழுத்துத் தெரியாது, நீயே வாசி என்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல. நீ பறிகுடுத்தவ. ஆனா இந்த மூணு வருசத்துல இந்தப் பிரிவுல பதினோரு புள்ள பொறந்துருக்கு. ஒண்ணுக்கும் என்னக் கூப்புடல. நாத்து மேடையில வேல கேட்டேன். கங்காணி சிரிச்சுக்கிட்டே, ஒன் கை வேணாம் காளியாயின்னாரு. ஒன் மதினி சிரிக்கச் சொன்னது அவரு வரைக்கும் போயிருக்கு."

"எனக்கு வலி வந்தா வருவீங்களா?"

"வரமாட்டேன்."

அவள் ஒரு பலகையை என் பக்கம் தள்ளினாள். ஆனால் பேச்சை மாற்றவில்லை.

"ஒனக்கு ஒண்ணு ஆனா இந்தத் தடவ என்னய லயத்த விட்டே வெரட்டிருவாளுக. ஒன் மதினிய வரச் சொல்லு. எந்தப் பீலியடியில சொன்னாளோ அங்கயே, எல்லாரும் தண்ணி புடிக்கிற நேரத்துல வந்து சொல்லட்டும். காயிதத்துல சொன்னா லயத்துக்குக் கேக்காது."

அவள் என் முன்னால் இரண்டு முட்டையை அவித்துக் கொடுத்தாள். தின்றேன். செவலைக்குக் கீழே எட்டு முட்டை வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு மாதம்கூட இல்லை மதினி. வருவீர்களா, மாட்டீர்களா?

பூரணி

*

சின்னக்காட்டுத் தோட்டம்
27.3.1962

பூரணி,

வர்றேன். ஞாயித்துக்கெழம மொதல் பஸ். திங்கக்கெழம பெரட்டுல பேரு விழாட்டிப் போகுது.

எனக்குப் பயமா இருக்கு. நீ நம்பமாட்ட. இந்த வாய வச்சுக்கிட்டு நான் தொரை பங்களாவுக்கே போயிப் பேசிருக்கேன். நேத்து வேலியோரம் நின்னு சொல்லிப் பாத்தேன். நாலு வார்த்தைக்கு மேல வரல. ஒங்க அண்ணன் பின்னாடி நின்னு கேட்டுட்டு, "யாருக்குடி வேப்பெல அடிக்கிற"ன்னாரு. விசயத்தச் சொன்னேன். அவரு சிரிக்கல. வெத்தலையை மடிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

பதினோரு புள்ளன்னு எழுதிருந்தியே, அத நான் எண்ணிக்கிட்டே இருக்கேன்.

நீ பீலிக்கு வராத. வழுக்கும். நான் பாத்துக்கிறேன்.

வீரம்மா

*

சின்னக்காட்டுத் தோட்டம்
4.4.1962

பூரணி,

வந்து சேந்தேன். ஒன் மொகத்தப் பாக்க முடியாம பீலியடியிலருந்தே திரும்பிட்டேன். நீ உள்ள இருந்ததால சத்தந்தான் கேட்டுருக்கும். நடந்தது இதுதான்.

நான் பீலியடிக்குப் போனதும், "வீரம்மா அக்கா வந்துருச்சு, இன்னைக்கு யாரு தலை உருளப் போகுதோ"ன்னு ராக்காயி ஆரம்பிச்சா. காளியாயி கடைசியா வந்து குடத்த வச்சுட்டு நின்னுச்சு. நான், "காளியாயி கையப் பத்தி நான் சொன்னது பொய்யி"ன்னேன். எல்லாரும் சிரிச்சாளுக. அடுத்த பகடின்னு நெனைச்சுட்டாளுக. ரெண்டாந் தடவ சொன்னேன். இன்னும் சிரிச்சாளுக. ஒருத்தி, "சரி அக்கா, மீதியச் சொல்லு"ன்னு குடத்த எறக்கி வச்சுட்டு உக்காந்துட்டா. நாப்பத்தஞ்சு வருசமா சிரிக்க வச்சுச் சிரிக்க வச்சு, நெசத்தச் சொல்ல எனக்கு மொகமே இல்லாமப் போச்சு.

காளியாயி ஒண்ணே ஒண்ணு சொன்னுச்சு. "கேக்கல. சத்தமாச் சொல்லு."

பொறகுதான் வெளக்குப் புடிச்சதச் சொன்னேன். கொடி சுத்துனது, ஊதுனது, ஒதடு வெளுத்தது. ஒன் வயித்தப் பத்தி அவளுக பேசுனதையும் சொன்னேன், யாரு யாரு பேசுனாளுகன்னு பேரச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தியும் சிரிக்கல. ராக்காயி குடம் ரொம்பி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நகட்ட ஆளில்ல.

நான் முடிச்சதும் காளியாயி குடத்த இடுப்புல வச்சுக்கிட்டுப் போயிருச்சு. என்னத் திரும்பிப் பாக்கல. வருமா வராதா எனக்குத் தெரியல பூரணி. பஸ்ஸுல வரும்போது முழுக்க அதத்தான் நெனைச்சேன். அட்டன்ல எறங்க மறந்து, பொறகு கத்தி நிறுத்துனேன்.

ஒங்கிட்ட ஏதும் சொன்னுச்சா? ஒடனே எழுது. ரெண்டு வரி எழுது.

வீரம்மா

*

கல்லுமலைத் தோட்டம்
29.4.1962

மதினி,

ஒங்க தம்பி போட்ட கார்டு கிடைத்திருக்கும். பெண் பிள்ளை. இருக்கிறது. பால் குடிக்கிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நீங்கள் போன பிறகு காளியாயி அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முட்டை மட்டும் படியில் வந்துகொண்டிருந்தது, தினமும் எடுத்துத் தின்றேன். வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

வியாழக்கிழமை, எல்லாரும் பெரட்டுக்குப் போன பிறகு வலி வந்தது. லயத்தில் ஆளே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தேன். கடைசிக் கதவு வரைக்கும் சாத்திக் கிடந்தது. "காளியாயி அக்கா" என்று கூப்பிட்டேன். பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "கூப்புட இம்புட்டு நேரமாடி? நான் விடியக்காலயிலேயே வெந்நி வச்சுட்டேன்" என்றாள்.

நாலு மணி வரைக்கும் ஆனது. நடுவில் ஒரு நேரம் அவள் கை நின்றுவிட்டது. பேச்சும் நின்றுவிட்டது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். "பேசுங்க அக்கா" என்றேன். "பேசுனா வேல நின்னுரும், நீ மூச்ச விடு" என்றாள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை அழுதது. அவள் உடனே என்னிடம் தரவில்லை. சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அது அழுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கையை நீட்டிய பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

செவலை எட்டில் ஐந்து பொரித்தது. தாயும் குஞ்சும் கடைசிக் காம்பராவில்தான். கறுப்பி மட்டும் இப்போது எங்கள் வாசலில் அடைகிறது. ஒங்க தம்பி அதை ஸ்டோர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

ஒன்பதாம் நாள் கீழ் லயத்திலிருந்து ராசம்மா என்ற பெண்ணும் அவள் மாமியாரும் வந்தார்கள். ராசம்மாவுக்கு எட்டு மாதம். காளியாயி அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா, "என்னக் கேக்காதீங்க, நாலாவது காம்பராவுல போயிக் கேளுங்க" என்று அனுப்பிவிட்டாள். இருவரும் என் படியில் நின்றார்கள். மாமியார்தான் கேட்டாள், மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி: "கை எப்பிடிம்மா?"

அது சாயந்திரம், எல்லாரும் மலையிலிருந்து இறங்கிப் பீலியில் கூடியிருந்த நேரம். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பு ஓரத்துக்கு வந்து, பீலியடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "நல்ல கை. என் புள்ளய எடுத்துக் குடுத்த கை." அவ்வளவு சத்தமாக நான் வாழ்க்கையில் பேசியதில்லை. பிள்ளை விழித்துக்கொண்டது. ராசம்மா திரும்பிக் கடைசிக் காம்பராவுக்கு நடந்தாள்.

மதினி, ஒங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. தீருகிற வரைக்கும் இங்கே வந்து இருங்கள்.

பூரணி